நடுவிலிருந்து வரும் குரல்



இந்த மாதம் காதைப் பற்றி எழுதுவதாகப் போன இதழிலேயே சொல்லியிருந்தேன். அதற்குள் நம் வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவன் ஒரு கேள்வியோடு வந்துவிட்டான். வீட்டில் புதிதாக 5.1 ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒரு ரிசீவர். எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. படம் போட்டால் முன்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசுகிறது. நடுவில் இருப்பதும் பக்கத்தில் இருக்கிற இரண்டும் ஊமையாக நிற்கின்றன. "அக்கா, உங்களுக்குத்தான் இந்த வயர் வேலை எல்லாம் தெரியுமே" என்றான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்: "இவ்வளவு சத்தம் வச்சும் ஆச்சிக்கு ஒண்ணும் புரியலையாம். பாதியில எந்திரிச்சு உள்ள போயிடுறாங்க."

அவனுக்கு முதல் விஷயம்தான் பெரிது. எனக்கு இரண்டாவது. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒரே பெட்டியில் இருக்கிறது: டிவிக்குக் கீழே குறுக்காகப் படுத்திருக்கும் நடு ஸ்பீக்கர். சென்டர் என்று அதன் முதுகில் எழுதியிருக்கும்.

ஆச்சியின் காதில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற செல்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிப்பவை. உள்ளே போகப் போக தாழ்ந்த ஒலிகள். வயதாகும்போது வாசல் பக்கத்து செல்கள்தான் முதலில் பழுதாகின்றன. போனது திரும்ப முளைப்பதில்லை. ஆகவே ஆச்சிக்கு லாரிச் சத்தமும் தபேலாவும் நன்றாகக் கேட்கும், குருவிச் சத்தம் கேட்காது.

பேச்சுக்கு இதில் என்ன நஷ்டம்? உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள், பலமானவையும் கூட. ச, ஸ, ஷ, த, ப, க போன்ற மெய்களின் அடையாளம் உயர்ந்த ஒலிகளில், அதுவும் மெல்லியதாக இருக்கிறது. கடை, சடை, தடை, படை, வடை என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். "அடை" என்பது ஆச்சிக்குக் கேட்டுவிடும். முதல் எழுத்து எது என்பதுதான் தெரியாது. கதாநாயகன் கடைக்குப் போகிறானா படைக்குப் போகிறானா என்று ஊகித்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடுகிறது. "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல" என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை. அதைவிடத் துல்லியமாக ஒரு ஆடியாலஜிஸ்ட்டும் சொல்லிவிட முடியாது.

சத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா? கூட்டினால் வசனத்தோடு சேர்ந்து பின்னணி இசை, கார் சத்தம், குண்டு வெடிப்பு எல்லாம் கூடும். இன்னொரு சங்கடமும் உண்டு. பழுதான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி கொஞ்சம் கூடினாலும் அது சட்டென்று எரிச்சலூட்டும் அளவுக்கு ஏறிவிடும். "கேக்கல, கூட்டு" என்று சொன்ன அதே ஆச்சி அடுத்த நிமிடம் "ஏன்டா இப்படி அலறவிடுற" என்பது இதனால்தான். அவர்கள் கோபக்காரர் ஆகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஆகவே தேவைப்படுவது வசனத்தை மட்டும் தனியாகக் கூட்டுகிற வழி. 5.1 இசைக்கோர்ப்பில் அதற்கென்றே ஒரு பாதை இருக்கிறது. படத்தில் ஒலி சேர்ப்பவர்கள் வசனத்தில் பெரும்பகுதியை நடுப்பாதையில் வைக்கிறார்கள். இசையும் சுற்றுச் சத்தமும் பெரும்பாலும் மற்றப் பாதைகளில் போகும். நடு ஸ்பீக்கர் இல்லாமல் இரண்டே ஸ்பீக்கரில் அதே படத்தைக் கேட்டால், அந்த வசனம் இடமும் வலமுமாகப் பிரிக்கப்பட்டு இசைக்குள்ளேயே கரைக்கப்படுகிறது. கரைத்த பிறகு ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் பிரித்தெடுக்க முடியாது. சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி.

இந்த நடு ஸ்பீக்கர் எப்படி வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. 1933 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் இசைக்குழு வாசித்தது. அந்த ஒலி தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டனுக்குப் போய், அங்கே ஒரு மண்டபத்தில் மூன்று ஸ்பீக்கர்களில் ஒலித்தது: இடம், நடு, வலம். பெல் ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனைக்குப் பின்னால் இருந்தவர் ஹார்வி ஃப்ளெட்சர். இதே ஃப்ளெட்சர்தான் காதின் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டர் கருவியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். மனிதப் பேச்சில் எந்தப் பகுதி காதுக்குப் புரிதலைத் தருகிறது என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஹோம் தியேட்டர் கடையும் ஆடியாலஜி கிளினிக்கும் ஒரே மனிதரில் சந்தித்திருக்கின்றன.

அதற்கு முன்பே இந்த லண்டனில் ஆலன் ப்ளம்லீன் என்ற பொறியாளர் வேறு வழி கண்டிருந்தார். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறு எங்கிருந்தோ வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு ஸ்பீக்கரைக் கொண்டே குரல் நகர்வதுபோலக் காட்டலாம் என்று 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோ அதிலிருந்து வந்ததுதான். யுத்த காலத்தில் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 1942 ஜூனில், 38 வயதில் இறந்துபோனார். ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் நீல நிற நினைவுப் பலகை இருக்கிறது.

ஆக வீடுகளுக்கு வந்து சேர்ந்தது ப்ளம்லீனின் இரண்டு ஸ்பீக்கர். இரண்டின் வித்தை ஓர் இடத்தில்தான் பலிக்கும்: சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்குக் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருவதாகவே படும். நம் வீடுகளில் சோபாவின் நடுவில் யார்? கால் நீட்டி உட்கார்ந்த தம்பி. ஆச்சி ஹீட்டர் பக்கத்து ஒற்றை நாற்காலியில். நிஜமாகவே நடுவில் ஒரு ஸ்பீக்கர் நின்றால், யார் எங்கே உட்கார்ந்தாலும் பேசுகிறவர் திரையில்தான் இருப்பார்.

மூன்றாவதையும் சுற்றியுள்ளவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்த கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ரே டால்பி என்ற அமெரிக்கர் கேம்ப்ரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில், சண்டிகரில் வேலை செய்தார். அங்கே இந்திய இசையை டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தவர், டேப்பின் 'உஸ்' இரைச்சலை அடக்குவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினார். 1965-இல் லண்டன் திரும்பி, ஃபுல்ஹாமில் சிறிய இடத்தில் கம்பெனி ஆரம்பித்தார். விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் பட்னி பாலம் தாண்டி வருகிற அதே ஃபுல்ஹாம்தான். பிறகு 1976-இல் கம்பெனி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. தியேட்டருக்கான டால்பி ஸ்டீரியோ 1970களில் வந்தது. நம் தமிழில் 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ சரவுண்டில் வந்த படம். வீட்டுக்கு டால்பி சரவுண்ட் 1982-இல் வந்தபோது அதில் நடு ஸ்பீக்கர் கிடையாது. 1987-இல் வந்த புரோ லாஜிக்தான் அதைக் கொடுத்தது. அதாவது பின்னால் ஹெலிகாப்டர் பறக்கிற சத்தம் முதலில் வீட்டுக்குள் வந்தது, பேச்சு புரிவதற்கான வழி ஐந்து வருடம் கழித்து வந்தது. கடைக்காரர் இன்றும் அதே வரிசையில்தான் விற்கிறார்.

சரி, வயருக்கு வருவோம். வயர் என்றால் நர்சுகளுக்குப் பயம் இருக்காது. ஒரு நோயாளிக்கு ஏழு எட்டு லைன் ஓடும்போது, எதையும் தொடுவதற்கு முன் நோயாளியின் உடம்பிலிருந்து தொடங்கி பை அல்லது பம்ப் வரை விரலால் தடவிக்கொண்டே போகவேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். இரு முனையிலும் லேபிள் ஒட்டுவோம். அதையே இங்கும் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் உணவுக் குழாயின் ஊதா நிற சிரிஞ்ச் டிரிப் லைனில் மாட்டவே மாட்டாதபடி முனைகளை வேறுவேறாகச் செய்திருக்கிறார்கள். ரிசீவரின் முதுகில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லா ஸ்பீக்கர் திருகும் ஒரே மாதிரி. சென்டரில் போகவேண்டிய வயர் சரவுண்டில் போனாலும் அது வாயே திறக்காது.

பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு வயரின் நுனியிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்து, செம்பு இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஒரு இழை கூட அடுத்த திருகைத் தொடக்கூடாது. தொட்டால் ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், சில சமயம் கெட்டே போகும். சிவப்பு சிவப்புக்கு, கருப்பு கருப்புக்கு. வயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ இருக்கும். அதைச் சிவப்பு என்று வைத்துக்கொண்டு இரு முனையிலும் ஒரே மாதிரி மாட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் அடித்தொனி மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மிதக்கும். சப்வூஃபருக்கு ஸ்பீக்கர் வயர் வேண்டாம். சப்வூஃபர் பிரீ அவுட் என்ற துளையிலிருந்து ஒற்றை ஆர்.சி.ஏ கேபிள் போதும்.

டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ கேபிள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிவியின் பின்னால் மூன்று நான்கு எச்.டி.எம்.ஐ துளைகள் இருக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏ.ஆர்.சி அல்லது இ-ஏ.ஆர்.சி என்று எழுதியிருக்கும். ஒலி டிவியிலிருந்து திரும்பி ரிசீவருக்கு வருவது அந்தத் துளை வழியாக மட்டும்தான். ரிசீவர் பக்கத்தில் எச்.டி.எம்.ஐ அவுட் என்பதில் மாட்டவேண்டும். பிறகு டிவி செட்டிங்கில் சி.இ.சி என்பதை ஆன் செய்யவேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

அதற்குப் பிறகும் இரண்டு ஸ்பீக்கர்தான் பேசுகிறதா? நம் தம்பி வீட்டில் இருந்த கோளாறு இதுதான்: டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு பி.சி.எம் என்று இருந்தது. அப்படி இருந்தால் ஏ.ஆர்.சி வழியாக டிவி ஆறு பாதையையும் கலந்து இரண்டாக்கித்தான் அனுப்பும். பிட்ஸ்ட்ரீம், பாஸ்-த்ரூ, ஆட்டோ என்று உங்கள் டிவி எந்தப் பெயரில் வைத்திருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். அடுத்து, பார்க்கிற படத்திலேயே 5.1 இருக்கிறதா என்று ஆடியோ தேர்வில் பாருங்கள்; தமிழ் என்றும் தமிழ் 5.1 என்றும் இரண்டு இருக்கலாம். ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் என்றோ அது மாதிரியோ எழுத்து வந்தால் ஆறு பாதையும் வந்துவிட்டது. பழைய டிவியில் ஏ.ஆர்.சி இல்லையென்றால் ஆப்டிக்கல் கேபிள் போதும். சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகப் போகும்.

யூடியூபில் நாம் பார்க்கிறவை பெரும்பாலும் ஸ்டீரியோ. அம்மாவுக்கும் ஆச்சிக்கும் பிடித்த கருப்பு வெள்ளைப் படங்களோ ஒற்றைப் பாதை மட்டும் கொண்டவை. இவற்றுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது புரோ லாஜிக் என்ற பொத்தானைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலியை அது எடுத்து நடுவுக்கு அனுப்பும். பழைய படத்தில் இரண்டு பக்கமும் ஒன்றேதான் என்பதால் மொத்தமும் நடு ஸ்பீக்கருக்குப் போய்விடும். மற்ற நான்கும் சும்மா இருக்கும். அதைப் பார்த்து, காசு கொடுத்து வாங்கியது வேலை செய்யவில்லை என்று பதறி ஆல் சேனல் ஸ்டீரியோ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அது ஒரே குரலை ஐந்து மூலையிலிருந்தும் ஐந்து நேரத்தில் காதுக்கு அனுப்பும். பிறந்தநாள் பார்ட்டிக்குச் சரி. வசனம் புரியவேண்டியவருக்கு அதைவிடக் கெட்டது இல்லை.

எங்கே வைப்பது? புத்தகப்படி, உட்காருமிடத்திலிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து முப்பது டிகிரி இடமும் வலமும். சரவுண்ட் இரண்டும் பக்கவாட்டில், காதுக்குச் சற்றுப் பின்னால், நூற்றுப் பத்து டிகிரி வாக்கில். ஆனால் நம் மெர்ட்டன், சவுத் விம்பிள்டன் பக்கத்து வரிசை வீடுகளின் முன்னறை புத்தகத்தைப் படித்துக் கட்டப்பட்டதல்ல. நடுவில் புகைபோக்கிச் சுவர் முட்டிக்கொண்டு நிற்கும், முன்னால் பே ஜன்னல், சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும். டிவி கணப்படுப்புக்கு மேலே உயரத்தில் தொங்கும். கோணமானியைக் கீழே வையுங்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: நடு ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, அலமாரிக்குள் ஒளியாமல் விளிம்புவரை வெளியே வந்து, உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் முகத்தைப் பார்க்கவேண்டும். தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தில் ஒரு சிறு கட்டையை வைத்து நிமிர்த்துங்கள். மரத் தரையில் எதிரொலி அதிகம். சோபாவுக்கு முன் ஒரு தடித்த விரிப்பைப் போட்டாலே பேச்சு தெளியும்.

சரவுண்ட் வயர்களை அறையின் குறுக்கே விடவே விடாதீர்கள். கம்பளத்துக்கு அடியில் விட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். அந்த மேடுதான் காலைத் தடுக்கும். வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிற பெரியவர்களை வார்டில் பார்க்கிறவள் சொல்கிறேன். சுவரடிப் பலகையை ஒட்டி, கதவு வந்தால் நிலையைச் சுற்றி மேலே ஏற்றி, சிறு கிளிப் அடித்துக் கொண்டு போங்கள். இருபது மீட்டர் வயர் அதிகமானாலும் போகட்டும்.

இனி ரிசீவரோடு வந்த சிறிய மைக்கை ஆச்சியின் நாற்காலியில், அவர்கள் காது இருக்கும் உயரத்தில் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி வினாடி எடுக்கும். பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தி எல்லாம் ஒன்றாக வந்து சேர ரிசீவரே கணக்குப் போட்டுக்கொள்ளும். அது முடிந்த பிறகு உங்கள் வேலை ஒன்று பாக்கி. ஸ்பீக்கர் லெவல் என்ற இடத்துக்குப் போய் சென்டரை மட்டும் மூன்று டெசிபல் கூட்டுங்கள். போதவில்லையென்றால் நான்கு, ஐந்து. உங்களுக்குக் கொஞ்சம் மிகையாகத் தோன்றும். ரிமோட்டை ஆச்சியிடம் கொடுத்து, அவர்கள் நிறுத்துகிற இடத்தில் விட்டுவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் காது மந்தமானவர்களுக்குப் பெரியது. அவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் படிக்கிறார்கள். டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் சில சமயம் ஒலி முந்திவிடும். உதடு பிந்தினால் அந்த உதவியும் போயிற்று. ரிசீவரில் லிப் சிங்க் அல்லது ஆடியோ டிலே என்ற இடத்தில், செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டே, உதடும் சொல்லும் சேரும்வரை நகர்த்துங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை மறக்கவேண்டாம். இந்த வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம். வசனம் சுவரைத் தாண்டாது, சப்வூஃபரின் உறுமல் தாண்டும். அதைப் பொதுச்சுவரை விட்டுத் தள்ளி வைத்து, அடியில் தடித்த ரப்பர் மெத்தை கொடுங்கள். இங்கிலாந்தில் இரவு 11 முதல் காலை 7 வரை இரைச்சலுக்குத் தனிச் சட்டமே உண்டு. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற நர்சு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். நைட் மோட் என்ற வசதி வெடிச் சத்தத்தைத் தணித்து மெல்லிய பேச்சை உயர்த்தும். அதைப் பகலிலும் போட்டு வைக்கலாம், ஆச்சிக்கு அது இன்னும் நல்லது.

உங்கள் காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். போனில் ஒலி அளக்கும் ஆப் போட்டு ஒரு சண்டைக் காட்சியில் பாருங்கள். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால், ஆப் இல்லாமலே சொல்லிவிடலாம், அது அதிகம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம். பணம் குறைவென்றால் மலிவான ஐந்து ஸ்பீக்கர் பெட்டியை விட, நடுப்பாதை உள்ள ஒரு நல்ல 3.1 சவுண்ட்பார் மேல். முதல் எண் காதுமட்டத்துப் பாதைகள், புள்ளிக்குப் பின் சப்வூஃபர், மூன்றாவது எண் இருந்தால் அது கூரையைப் பார்த்துப் பாடுகிறவை. 2.1 என்று எழுதியிருந்தால் நடுப்பாதை இல்லை. எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் ஆச்சி இருக்கிற வீட்டுக்கு வாங்காதீர்கள்.

எல்லாம் செய்தும் புரியவில்லையா? அப்போது பிரச்சினை அறையில் இல்லை. முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சுக் குச்சி வேண்டாம், அது உள்ளே தள்ளத்தான் செய்யும். அடுத்து ஜிபி மூலமாகக் கேட்டல் பரிசோதனை. செவித்துணைக் கருவி என்.எச்.எஸ்-இல் இலவசமாகத் தருகிறார்கள், பேட்டரியும் இலவசம். நம் பெரியவர்களில் பலர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். "சபையில எல்லாரும் பாப்பாங்க" என்பதுதான் காரணம். கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறார்களோ. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டபோது, கவனிக்காத காது மந்தத்தையும் அதில் வைத்தது. பேச்சு புரியாதவர் பேச்சை விட்டே விலகுகிறார். அந்தத் தம்பியின் ஆச்சி பாதியில் எழுந்து உள்ளே போனது அதன் தொடக்கம்தான்.

ஒன்றை மட்டும் ஆறப்போடாதீர்கள். ஓரிரு நாளுக்குள் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அது வயதுக் கோளாறு என்று இருந்துவிடக்கூடாது. அன்றே 111-க்கு அழைத்துச் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

செவித்துணை போட்டவர்களுக்கு டிவி ஒலியை நேரே கருவிக்கே அனுப்பும் சிறு பெட்டிகள் உண்டு. டிவியில் இரண்டு ஒலி வெளியீடும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஆச்சிக்குக் கேட்கும்போது மற்றவர்களுக்குக் கேட்காது. ஆலயங்களில் காதுப் படத்தோடு ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறதே, அது அங்கே காந்த லூப் இருப்பதற்கு அடையாளம். கருவியை டி என்ற நிலைக்கு மாற்றினால் மைக்கில் பேசுவது நேரே காதுக்குள் வரும். ஒலிப்பெட்டியில் ஊழியம் செய்கிற தம்பிகள், ஞாயிறு காலை மைக் சோதிக்கும்போது லூப்பையும் சோதியுங்கள். கருவி போட்ட ஒரு தாத்தாவைக் கொஞ்சம் முன்னதாக வரச்சொல்லி, கடைசி வரிசையில் உட்கார வைத்து, கடை, சடை, தடை, படை, வடை என்று மைக்கில் சொல்லிக் கேளுங்கள். ஐந்தையும் அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் நீங்கள் போய் டீ குடிக்கலாம்.